தோளுக்கு மேலே பத்து நிமிஷம்

ஒரகடத்தில் லாரிக்கு பிரேக் டிரம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்பவர்களுக்குத் தோள்வலி வந்தது. வலி வந்தது தப்பில்லை. அது பல வருஷமாக வந்துகொண்டுதான் இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. கம்பெனியும் அந்த வலியைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டது. இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனுவாகக் கொடுத்துவிட்டார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மனுவில் கேட்டது ஒன்றே ஒன்று. தரையில் கிடக்கும் டிரம்மைச் சங்கிலி மாட்டி மேசைக்குத் தூக்கிவைக்க ஒரு ஹாய்ஸ்ட் லைனில் இருந்தது. அது கெட்டுப்போய் வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் கையால் தூக்கினார்கள். அதைச் சரிசெய்து கொடுங்கள் ஐயா, அவ்வளவுதான்.

மனிதவளத் துறைத் தலைவர் வேதாந்தம் மனுவை முழுக்கப் படித்தார். அப்போதுதான் அவர் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் கருத்தரங்கு முடித்துவிட்டு வந்திருந்தார். அங்கே மேடையில் ஒருவர், கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு ஒன்றைப் பத்து நிமிஷம் தரையில் வைக்காமல் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கினார். கெட்டில்பெல் என்று அதற்குப் பேர். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் முந்திரிப் பக்கோடா தின்றுகொண்டே கைதட்டினார்கள். மனுவைப் படித்ததும் வேதாந்தத்துக்கு அந்தக் குண்டு நினைவுக்கு வந்தது. பிரச்சினை டிரம்மின் கனத்தில் இல்லை, தொழிலாளர்கள் லேசாக இருப்பதில்தான் இருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். "தொழிலாளர் தாங்குதிறன் மேம்பாட்டுப் பெருந்திட்டம்" என்று தலைப்பு. குண்டைக் கால் நடுவிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே கொண்டுபோய், முழங்கையை நேராகப் பூட்டி நிறுத்த வேண்டும். அது ஒரு ஸ்நாட்ச். பத்து நிமிஷத்தில் நூறு போட வேண்டும். நடுவில் கீழே வைக்கக் கூடாது, கையை ஒரே தடவை மாற்றலாம். தேறிய காண்ட்ராக்ட் ஆட்கள் பர்மனென்ட் ஆக்கப்பட்டு ஜெனரல் ஷிஃப்டில் வைக்கப்படுவார்கள். ஹாய்ஸ்ட் விஷயம் உரிய நேரத்தில் உரிய மட்டத்தில் பரிசீலிக்கப்படும்.

பிரவீனா கடைசி இரண்டு வரியில் முதல் வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அவள் வாலாஜாபாத்துக்காரி. காண்ட்ராக்ட், செகண்ட் ஷிஃப்ட். புருஷன் கார்முகில் ஒரகடத்திலேயே கண்ணாடி செய்யும் வேறொரு கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அவள் பஸ் போகும்போது அவன் பஸ் எதிரே வரும். ஜன்னல் வழியாக இரண்டு பேரும் கையாட்டிக்கொள்வார்கள். வார நாளில் அவர்கள் நடத்திய குடும்பம் அவ்வளவுதான். நடுவில் இருக்கிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் பிள்ளையை வைத்துக்கொள்வாள். பிள்ளை இனியவனுக்கு ஒன்றரை வயசு. அவன் கணக்கில் அம்மா என்பது காலையில் இருக்கும் ஆள், அப்பா என்பது சாயங்காலம் இருக்கும் ஆள். ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம்.

காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்தால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ராத்திரிச் சோறு சாப்பிடலாம். பிரவீனாவுக்கு அதற்கு மேல் ஆசை கிடையாது.

பயிற்சிக்கு கேசவ் என்று ஒரு மாஸ்டரைக் கொண்டுவந்தார்கள். பனியன் அவன் உடம்பில் தைத்ததுபோல் ஒட்டியிருந்தது. முதல் நாளே லைன் பெண்களை வரிசையாக நிற்கவைத்து, "பாடி வேற, மைண்ட் வேற இல்ல" என்று ஆரம்பித்தான்.

பிரவீனாவின் பக்கத்தில் நின்ற இசக்கி தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். அவளுக்கு வாய் அடங்காது.

"சார், நாங்க ஷிஃப்ட் முழுக்க டிரம்மு தூக்கத்தான செய்யுதோம். இது என்ன புதுசா?"

"அது வேலை மா. இது ஒர்க்அவுட்."

"என்ன வித்தியாசம் சார்?"

கேசவ் யோசித்தான். "இதுக்கு சம்பளம் கிடையாது."

அதற்குள் பாதுகாப்பு அதிகாரி சத்யபாமா விசிலை ஊதிக்கொண்டு வந்துவிட்டாள். "யார் பர்மிஷன் குடுத்தது? தோளுக்கு மேல எடை தூக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கு, கண்ணு தெரியலையா?"

உண்மைதான். கெட்டுப்போன ஹாய்ஸ்டுக்குக் கீழேயே அந்த போர்டு மாட்டியிருந்தது. வேதாந்தத்தைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு பக்கமும் கேட்டு, விதியும் கெடாமல் திட்டமும் கெடாமல் தீர்ப்புச் சொன்னார். பயிற்சி கம்பெனியின் பொறுப்பு. ஆகையால் அது குண்டு இல்லாமல் நடக்கும். டெஸ்ட் தொழிலாளியின் சொந்த விருப்பம். ஆகையால் அது குண்டோடு நடக்கும். ஏதாவது பிசகினால் அதுவும் சொந்த விருப்பம்தான் என்று முன்னாடியே கையெழுத்து வாங்கிக்கொள்ளப்படும்.

அன்றிலிருந்து பெண்கள் ஷிஃப்டுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து, வெறும் கையை வீசினார்கள். கேசவ் வாட்சைப் பார்த்துக்கொண்டு, "குண்டு இருக்குன்னு நெனச்சுக்கோங்க, வெயிட்ட ஃபீல் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டு நடந்தான். வேடிக்கை பார்த்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்கள், பேய் ஓட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் இசக்கி திடீரென்று கையை விரித்துவிட்டுப் பின்னால் குதித்தாள்.

"என்னாச்சு?" என்றான் கேசவ்.

"குண்டு வழுக்கிட்டு சார். கால்ல விழப் பாத்துது."

எல்லாரும் சிரித்தார்கள். சத்யபாமா மட்டும் சிரிக்கவில்லை. "சேஃப்டி ஷூ போட்டிருக்கியா?"

"இல்ல மேடம், செருப்புதான்."

"குண்டு இருந்திருந்தா கால் என்ன ஆகியிருக்கும்?"

"இல்லையே மேடம்."

"இருக்குன்னு நெனச்சுத்தானே தூக்குனே?"

சத்யபாமா நோட்டை எடுத்து எழுதினாள். நூலிழையில் தப்பிய விபத்து என்று பதிவானது. அந்த மாசம் கணக்குக் காட்ட அப்படிப்பட்ட விபத்து ஒன்றுகூடக் கிடைக்காமல் சத்யபாமா தவித்துக்கொண்டிருந்தாள். மேலிடத்திலிருந்து அவளுக்குப் பாராட்டு வந்தது. மறுநாளிலிருந்து இல்லாத குண்டுக்குப் பயந்து எல்லாரும் இரும்பு மூக்கு வைத்த ஷூ போட்டுக்கொண்டு வெறும் கையை வீசினார்கள்.

வெறும் கையை வீசினால் கை வருமா? பிரவீனா ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் கேனில் மணலை ரொப்பி, மூடியை இறுக்கி, வீட்டு வாசலில் தூக்கிப் பழகினாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கார்முகில் போனில் டைம் பார்த்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. வியர்வைக்குக் கோலமாவைத் தடவிக்கொண்டாள்.

"போதும் வுடுடி, கை இன்னாத்துக்கு ஆவும்."

"எத்தினி ஆச்சு மாமா?"

"எங்க எண்ணுனேன், நீ மூஞ்ச சுளிக்கறதையே பாத்துகினு கீறேன்."

"எண்றதுக்குத்தான உக்கார வச்சேன் உன்ன?"

கேசவ் சொன்னதில் ஒன்று மட்டும் நிஜமாகவே உதவியது. தோளால் தூக்காதே, இடுப்பால் தள்ளு. மேலே போனதும் கையைப் பூட்டி மூச்சு விடு, அதுதான் உனக்கு ஓய்வு என்றிருந்தான். அப்படிச் செய்தபோது கேன் தானாக மேலே போனது. தலைக்கு மேலே பாரம் நிற்கும் அந்த ஒரு மூச்சுதான் வாரத்தில் தனக்குக் கிடைக்கும் ஓய்வு என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் கார்முகில் சிரிப்பான் என்று சொல்லவில்லை.

டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தணிக்கை வந்தது. அந்தக் கம்பெனியில் எந்தப் பொருளாக இருந்தாலும் அதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். துடைப்பத்துக்கு, தண்ணீர் கேனுக்கு, குப்பைக்கூடைக்கு, எல்லாவற்றுக்கும் மஞ்சள் கட்டம் உண்டு. குண்டுக்கும் தரையில் கட்டம் போட்டிருந்தார்கள். தணிக்கைக்காரர் கேட்டார், "தூக்கினதும் குண்டு எங்கே இருக்கும்?"

"மேலே, சார்."

"மேலே எங்கே? இடம் குறிச்சிருக்கா?"

குறிக்கவில்லை. உடனே சுவரில் மஞ்சள் வட்டம் போட முடிவானது. எந்த உயரத்தில் போடுவது என்று கேள்வி வந்தபோது, திட்டத்தின் தந்தை என்ற முறையில் வேதாந்தமே சுவரோரம் நின்று கையைத் தூக்கிக் காட்டினார். அவர் ஆள் தென்னை உயரம். குண்டு அந்த வட்டத்துக்கு நேராக வந்தால்தான் கணக்கு.

பிரவீனா குள்ளம். கையை எவ்வளவு பூட்டினாலும் வட்டத்துக்கு ஒரு சாண் கீழேதான் நின்றது. அவள் பயந்து பயந்து வேதாந்தத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சார், வட்டத்த கொஞ்சம் கீழ எறக்கி போட்டா..."

"அது எப்படிம்மா? தணிக்கை முடிஞ்சுட்டுது. வட்டம் இனிமே கம்பெனி சொத்து."

"அப்ப நான் இன்னா சார் பண்றது?"

"நீதான் உயரணும். இந்தத் திட்டத்தோட நோக்கமே அதுதானே."

உயர்வதற்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். சத்யபாமா வந்துவிட்டாள். தரையைவிட்டு மேலே நின்று செய்வதெல்லாம் உயரத்தில் செய்யும் வேலை. ஹெல்மெட் வேண்டும், இடுப்பில் பெல்ட் வேண்டும், பெல்ட்டின் கயிற்றை மேலே உறுதியான ஒன்றில் மாட்ட வேண்டும். மேலே பார்த்தார்கள். ஹாய்ஸ்டைத் தவிர வேறொன்றும் இல்லை. கெட்டுப்போன ஹாய்ஸ்டில் ஆளைக் கட்டலாமா? கூடாது.

பாகம் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று வெகுநாளாகச் சொல்லப்பட்ட அந்த ஹாய்ஸ்ட் ஒரே நாளில் சரியானது. எண்ணெய் போட்டார்கள், பூஜை போட்டார்கள், எலுமிச்சம்பழம் கட்டினார்கள். டிரம்மைத் தூக்க ஹாய்ஸ்ட் இல்லாத கம்பெனியில், டிரம் தூக்குகிறவளைத் தூக்கிப் பிடிக்க ஹாய்ஸ்ட் வந்தது. "பாதுகாப்புச் சாதனம். டிரம் மாட்டத் தடை" என்று அதன்மேல் அட்டையும் தொங்கியது.

"நீ பொறந்தது வீண்போகல பிள்ள" என்றாள் இசக்கி.

டெஸ்ட் அன்றைக்கு ஷாமியானா போட்டு, மேலிடத்து ஆட்களுக்கு இளநீர் கொடுத்தார்கள். முந்திரிப் பக்கோடாவும் இருந்தது.

முதலில் இசக்கி. அவளுக்குச் சின்ன வயசில் புளியமரத்திலிருந்து விழுந்து இரண்டு முழங்கையும் முறிந்து, சரியாகக் கூடாமல் கொஞ்சம் வளைந்தே இருக்கும். ஆள் உயரம், குண்டு வட்டத்தைத் தொட்டது. கை மட்டும் நேராகவில்லை. பத்து நிமிஷமும் விடாமல் தூக்கினாள். கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கடைசியில் வேதாந்தம் அறிவித்தார்: "முழங்கை விதிமுறைக்கு உட்படவில்லை. எண்ணிக்கை, பூஜ்யம்."

இசக்கி குண்டைத் தரையில் வைத்தாள். மஞ்சள் கட்டத்துக்குள் சரியாக வைத்தாள். "எங்க ஊரு புளியமரத்த போயி கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு லைனுக்குப் போய்விட்டாள்.

பிறகு பிரவீனா. தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், மேலே ஹாய்ஸ்ட், கீழே ஸ்டூல், கையில் கோலமாவு. நடுவில் வேதாந்தத்துக்கு போன் வந்தது. அவர் பேசி முடிக்கும்வரை எண்ணிக்கை நின்றது. அவள் கை நிற்கவில்லை. போனுக்குப் போனதெல்லாம் கழித்தும் மணி அடிப்பதற்குள் நூறு தாண்டிவிட்டாள். கீழே இறங்க முடியவில்லை. ஹாய்ஸ்டால் இறக்கினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

மேடையிலேயே வேதாந்தம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பிரவீனா பர்மனென்ட், ஜெனரல் ஷிஃப்ட். இரண்டு, ஒரு பெண் பத்து நிமிஷத்தில் இத்தனை தடவை தூக்க முடிகிறபோது தோள்வலி என்று ஒன்று இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. ஆகையால் மனு முடித்துவைக்கப்படுகிறது.

கைதட்டல் இரண்டாவதற்கும் சேர்த்துத்தான் வந்தது. பழக்கதோஷம்.

ஜெனரல் ஷிஃப்டின் முதல் நாள் பிரவீனா வீட்டுக்கு வந்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, மூன்று தட்டு எடுத்துப் போட்டாள். கார்முகில் வரவில்லை. போன்தான் வந்தது.

"எங்க கம்பெனிலயும் அந்த குண்ட எறக்கிட்டாங்க பிரவீ. ஷிஃப்ட் முடிஞ்சு தெனம் இருந்து பழகணுமாம். உன் போட்டோவ கேன்டீன்ல இம்மாம் பெருசா மாட்டிகிறாங்க. ஹாய்ஸ்ட்ல தொங்கினு கீற."

"எத்தினி மணி வரைக்கும் பழகணுமாம்?"

"தெரியல. சொல்லித்தர உங்க கம்பெனிலருந்து ஒரு மேடம் வருதாம்."

அவள் போனிலும் அப்போது ஒரு செய்தி வந்து விழுந்தது. சகோதர நிறுவனங்களின் நலன் கருதி, பயிற்றுநர் பிரவீனா நாளையிலிருந்து தம் ஷிஃப்ட் முடிந்ததும் கண்ணாடிக் கம்பெனிக்குச் சென்று எண்ணிக்கைப் பொறுப்பை ஏற்பார். சலுகை காட்டுவதாகத் தெரிந்தால் பர்மனென்ட் மறுபரிசீலனை செய்யப்படும்.

இப்போது வார நாளில் தினமும் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். பிள்ளை கிளியம்மாள் வீட்டில் இருக்கிறான். கார்முகில் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பிரவீனாவுக்கு முன்னால் வந்து குண்டைத் தூக்குகிறான். அவள் கழுத்தில் விசில். பின்னால் அந்தக் கம்பெனி அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வூட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்டான் கார்முகில், குண்டு மேலே போகும்போது.

"பேசாத மாமா, மூச்சு வாங்கும்."

"வேற எப்ப பேசறது?"

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரவீனா புருஷன் கையைப் பார்த்தாள். முழங்கை ஒரு விரல்கடை மடங்கியிருந்தது.

"பூட்டல," என்றாள். "இது சேராது."

வரிசையில் நின்ற ஆம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் விசில் ஊதினாள். அடுத்த ஆள் முன்னால் வந்து குண்டைப் பிடிக்கக் குனிந்தான்.