இலக்கணம் பார்ப்பவர்

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது அதன் காதில் ஏறாது; எப்படிச் சொல்கிறீர்கள் என்பது மட்டும் ஏறும். ஆங்கிலம் திருத்துபவர் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு ஒருவராவது இருப்பார்.

ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் கடிதப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இந்த இனத்தின் அசல் மாதிரி. ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கிராமர் சார்'. வணிக ஆங்கில வகுப்பில் ஆன்லைனில் சேர்ந்து, காலையில் பல் துலக்கும்போதே கண்ணாடியைப் பார்த்து 'லுக் இன்டு, லுக் ஆஃப்டர்' என்று நுரை தெறிக்க ஒப்பித்து, பஸ்ஸில் 'கம் அப் வித்' என்று முணுமுணுத்துப் பக்கத்து சீட்டுக்காரரை எழுந்தோட வைத்து, அலுவலகம் வந்ததும் கற்றதையெல்லாம் வாடிக்கையாளர் தலையில் கொட்டுவார். வெறும் வினைச்சொல் எழுத அவருக்குக் கை கூசும். 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்று பின்னால் ஒரு வால் வேண்டும். எந்த வால் என்பதைப் பற்றி அவ்வளவு கவலையில்லை.

வீட்டில் மட்டும் விடுவாரா?

"கேஸ் தீந்துபோச்சுங்க" என்றாள் மனைவி.

"ரன் அவுட்னு சொல்லணும்."

"இங்க யாரு மட்டை புடிச்சா? அடுப்பு எரியல. புக் பண்ணுங்க!"

ஒருநாள் காலை, ஊரில் கரண்ட் இல்லாத நேரத்தில், மருத்துவமனை ரத்த வங்கி ஊழியரிடமிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்தது: 'ஜெனரேட்டர் ஸ்டாப். பிளட் ஃபிரிட்ஜ் ஹாட். கம் ஃபாஸ்ட் சார்.'

நம்மவர் கண்ணுக்கு அதில் மூன்று பிழைகள் தெரிந்தன.

"'இஸ்' எங்க? 'தி' எங்க?" என்று பக்கத்து மேசை டெலிபோன் ஆபரேட்டரிடம் காட்டிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "சார், ரத்தம் கெட்டுப்போயிடும். மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டுடட்டா?"

"இரும்மா. முதல்ல முறையா பதில் போகணும், அப்புறம்தான் ஆள் போகணும். அதுதான் புரொஃபஷனல்."

அந்தப் பதிலுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. 'உங்கள் பழுதை உடனே ஒழித்துக்கட்டுவோம்' என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. தீயை அணைக்க 'புட் அவுட்', விளக்கை அணைக்க 'டர்ன் ஆஃப்' என்று படித்திருந்தார். இரண்டையும் கலக்கினார், 'புட் ஆஃப்' கிடைத்தது. அழகாக இருந்தது. அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். உடம்பெல்லாம் குளிர்ந்தது. அங்கே குளிராமல் இருந்தது ரத்தம்தான்.

போன் அலறியது. மருத்துவமனை டாக்டர்.

"வேலையைத் தள்ளிப்போடுறோம்னு எழுதியிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? மத்தியானம் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன்!"

கிராமர் சார் அகராதியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "டாக்டர், அது வந்து... அந்த வார்த்தையை நான் எந்த அர்த்தத்துல போட்டேன்னா..."

ஆபரேட்டர் எழுந்து வந்து ரிசீவரை வாங்கினாள். "டாக்டர், எங்க மெக்கானிக் அண்ணன் இப்ப உங்க கேட்டுக்கிட்ட நிக்கிறார். உள்ள விடச் சொல்லுங்க." கிராமர் சார் பதில் எழுத அகராதி புரட்டிக்கொண்டிருந்தபோதே அவள் மாடிப்படியில் நின்று மெக்கானிக்கிடம் போனில் பேசி முடித்திருந்தாள்.

ரத்தம் தப்பியது. ஆபரேஷனும் நடந்தது. மறுநாள் மருத்துவமனையிலிருந்து சூடான புகார்க் கடிதம் வந்தது. மேனேஜர் கூப்பிட்டு, அதை அவர் கையிலேயே கொடுத்தார். முதல் வரியில் கிராமர் சாரின் முகம் கறுத்தது. இரண்டாம் வரியில் தலை குனிந்தது. மூன்றாம் வரியில் பளிச்சென்று மலர்ந்தது.

"சார், இங்க ஒரு 'தி' விட்டுப்போச்சு பாருங்க!"

மேனேஜர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றே கடிதப் பிரிவு ஆபரேட்டரிடம் போனது. 'நோ கரண்ட்' என்று யாராவது எழுதினால், 'மேன் கமிங்' என்று அவள் பதில் போடுகிறாள். ஆளும் போய்ச் சேர்கிறார். கிராமர் சார் இப்போது உதிரிபாகக் கிடங்கில், பெட்டிகளின் மேல் அச்சிட்ட பெயர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார். பெட்டிகள் எதிர்த்துப் பேசுவதில்லை.

நல்லவேளை, நான் அப்படியில்லை என்கிறீர்களா? சரி. 'வீடு பத்தி எரியுது, ஓடி வா' என்று உங்கள் தம்பி செய்தி அனுப்புகிறான். முதலில் செருப்பைத் தேடுவீர்களா, அது 'பத்தி' இல்லை, 'பற்றி' என்று பதில் எழுதுவீர்களா?

யோசிக்காதீர்கள். யோசித்தாலே நீங்களும் அந்த இனமோ என்ற சந்தேகம்தான்.