மயிலா வாங்கிய நூற்றுக்கு நூறு

மருதவளநாட்டில் எதற்கும் குறைவில்லை என்று அரசு அறிவித்திருந்தது; எது எவ்வளவு இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஆகவே மன்னர் அளவைத்துறை என்று ஒன்றைத் தொடங்கினார். நெல்லையும் ஏரித் தண்ணீரையும் அளந்தால் வீண் சங்கடம் என்று அமைச்சர் எடுத்துச் சொன்னதால், ஐந்து வயதுக் குழந்தைகளின் அறிவை அளப்பது என்று முடிவாயிற்று. நாற்பது மதிப்பெண் வாங்காத குழந்தைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

குடை செய்யும் நல்லதம்பி கவலைப்படவில்லை. அவர் மகள் மயிலா மொச்சை உரித்தபடியே எண்ணக் கற்றவள், கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை "ஏன்ப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பவள்.

அளவை அதிகாரி தாளைப் பிரித்தார். "மழை எங்கிருந்து வருகிறது?"

"எங்க வீட்டுக் கூரையிலேர்ந்து. அடுப்பு மேலயே விழும்," என்றாள் மயிலா. "ஏன் மாமா, உங்க வீட்ல எங்க விழும்?"

அதிகாரி சுழியம் போட்டார்.

"ஐயா, புள்ள பொய் சொல்லலீங்களே," என்றார் நல்லதம்பி.

"மெய்யா பொய்யா என்று பார்க்க எனக்கு உத்தரவு இல்லை. விடைத்தாளில் வானம் என்று இருக்கிறது. மேலும், அளக்கப்படுபவர் அளப்பவரைக் கேள்வி கேட்டதற்கு ஐந்து குறைவு."

நாடெங்கும் இதே கதை. குழந்தைகள் தேறாததால் ஆண்டுத் தேர்வு மாதத் தேர்வானது. பதிவேடு எழுத ஆள் போதாமல் ஆசிரியர்கள் அளவைத்துறைக்கு மாற்றப்பட்டார்கள். பாடம் நடத்த ஆளில்லாமல் மதிப்பெண் மேலும் சரிந்தது. தேர்வு வாரந்தோறும் நடந்தது. விளையாட்டுக்கு விடைத்தாள் இல்லாததால் அது தடை செய்யப்பட்டது.

நல்லதம்பி விடைகளை வாங்கிவந்து மகளுக்கு உருப்போட வைத்தார். பதினோராம் தேர்வில் நூற்றுக்கு நூறு. தெருவே வந்து பார்த்தது. ஆனால் அன்று மயிலா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"கேட்டா அஞ்சு மார்க் போயிடும்ப்பா."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் தேறிவிட்டாள்; ஆனாலும் வீட்டிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புகார் மனுவில் 'களவுபோன பொருள்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதை வெறுமையாக விட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு தலைநகருக்குப் போனார்.

"இவள இனிமே அளக்க வேண்டாமுங்க," என்றார்.

"அளக்காவிட்டால், வளர்கிறாள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார் அமைச்சர்.

பதில் நல்லதம்பியின் நெஞ்சுக்குள் இருந்தது, வாய்க்கு வரவில்லை. மனு தள்ளுபடியானது.

வெளியே முரசு அறைந்தார்கள். குடிகளிடம் மன்னர் வாக்குக் கேட்க வேண்டிய ஆண்டு அது. அமைச்சரே மாடத்துக்கு வந்து வாசித்தார்: "தேர்தல் காலவரையின்றித் தள்ளிவைக்கப்படுகிறது. பச்சைக் குழந்தை போன்றது ஆட்சி. தன் வேகத்தில்தான் வளரும். அடிக்கடி அளந்தால் மிரண்டு, வளர்வதையே நிறுத்திவிடும்."

நல்லதம்பிதான் முதலில் கைதட்டினார். இத்தனை நாள் அவர் சொல்லத் தவித்தது அதைத்தான். யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பது உறைத்தபோது கைகள் பாதியில் நின்றன.

மயிலா அண்ணாந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.