கழுத்துக்கு மேலே ஓர் அளவு

தையல்கார மாஸ்டருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மூட்டிவிட்டது அவர் மனைவி. அதுவும் டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே.

"எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இருக்காரே, பிள்ளைங்களுக்கு அவரே சைக்கிள் ஹெல்மெட் மாட்டி விடுறாராம். ஆட்டினாலும் அசையலையாம். நம்ம பிள்ளைங்களைப் பாருங்க, பிடரியில தொங்குது."

"யார் சொன்னது?"

"அவங்க வீட்டம்மாதான். தினம் காலையில ஆறு மணிக்குப் பிள்ளைங்களைச் சைக்கிள் ஓட்டவும் கூட்டிட்டுப் போறாராம். அந்தம்மா உட்கார்ந்து நிம்மதியா டீ குடிக்குது. கொடுத்து வெச்சவங்க!"

மாஸ்டர் இருபது வருஷமாக ஊருக்கே அளவெடுப்பவர். எத்தனையோ மாப்பிள்ளைகளின் தொப்பையைக் கோட்டுக்குள் காணாமல் அடித்தவர். அப்படிப்பட்டவர் வீட்டில் இன்னொருத்தனின் அளவுக்குப் பாராட்டா?

"அந்த ஆளுக்கு அளவைப் பத்தி என்னடி தெரியும்? ரெண்டு காது, ஒரு மூக்கு. அவ்வளவுதானே அவர் தொழில்!"

"ஹெல்மெட்டும் அங்கேதானேங்க போடுறாங்க? நீங்கதான் கழுத்தோட நின்னுடுறீங்க."

அன்று கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவிட்டார். பிரித்துத் தைக்கும்போது சபதம் போட்டார். இந்தத் தெருவிலேயே தலையோடு ஒட்டிய ஹெல்மெட் என் பிள்ளைகள் தலையில்தான் இருக்க வேண்டும்!

மறுநாள் டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். மகள் நெற்றியைச் சுற்றி ஐம்பத்தொரு சென்டிமீட்டர். மகன் ஐம்பத்து மூன்று. அளவு அச்சாக இருந்தது. அந்த அளவுக்கே புது ஹெல்மெட் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துத் தைத்துப் பழகிய கை கேட்குமா?

"வளர்ற பிள்ளைங்க. ரெண்டு சைஸ் பெருசாவே கொடுங்க" என்றார் சைக்கிள் கடையில்.

மகளுடைய ஹெல்மெட் மூக்கில் வந்து உட்கார்ந்தது. மாஸ்டர் அசரவில்லை. கோட்டுத் தோளில் வைக்கும் பஞ்சுத் திண்டுகளை உள்ளே ஆளுக்கு ஆறு சொருகினார்.

"இப்போ தலையை ஆட்டுடா!"

மகன் ஆட்டினான். தலை திரும்பியது. ஹெல்மெட் நேராகவே பார்த்தது.

"அப்பா, வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் மகள்.

மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. தாழ்ந்த குரலில், "பரவாயில்லைங்க, நீங்களும் எவ்வளவுதான் பாடுபடுவீங்க? எதிர்வீட்டுக்காரரையே ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லட்டுமா?" என்றாள்.

"அந்த ஆள் என் வீட்டுப் படி ஏறினா, நான் இறங்கிடுவேன்!"

வியாழக்கிழமை ஹெல்மெட்டுகளை மாற்றி, சரியான அளவில் வாங்கி வந்தார். கூட வந்த தாளை மூன்று தடவை படித்தார். முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல். பட்டைகள் இரண்டும் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல். வாயைப் பெரிதாகத் திறந்தால் ஹெல்மெட் லேசாகக் கீழே இழுபட வேண்டும். மூன்று நாள் சாயங்காலமும் பிள்ளைகள் கொட்டாவி விட்டே களைத்துப் போனார்கள். ஆனால் ஹெல்மெட் நின்றது. மயிரிழைகூட அசையவில்லை. மாஸ்டர் நெஞ்சு இரண்டு இஞ்ச் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் சைக்கிளில் முன்னே போக, மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். தெரு நீளமானது. அவர்கள் போய்வந்ததோ எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக மட்டும், ஏழு தடவை.

எட்டாவது தடவை எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கண்ணாடிக் கடைக்காரர் தலையைக்கூட வாராமல், சிவந்த கண்ணோடு வந்து நின்றார். பின்னால் அவர் பிள்ளைகள், ஹெல்மெட்டும் கையுமாக.

"மாஸ்டர், நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

"என்ன சார் ஆச்சு?"

"அஞ்சு நாளா என் வீட்டுல உங்க புராணம்தான். மாஸ்டர் அளவெடுத்து மாட்டினா அசையலையாம், தினம் ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறாராம்..."

"தினமா? எனக்கு இன்னிக்குத்தான் சார் முதல் நாள்!"

"எனக்கும் இன்னிக்குத்தான்!"

இருவரும் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார்கள். மாஸ்டர் வீட்டு மாடியில் இரண்டு நாற்காலி. இரண்டு டீ. இரண்டு மனைவிமார். ஒருத்தி கையசைத்தாள். மற்றவள் டீயை ஊதினாள்.

மாஸ்டர் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அதற்குள் எதிர்வீட்டம்மா இறங்கிப் போயாகிவிட்டது.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு! எனக்கும் ரோஷம் இருக்கு. நாளையிலேர்ந்து ஆறு மணிக்கு நான் எழுந்திருக்கவே மாட்டேன்!"

"வேண்டாங்க. பாவம், நல்லாத் தூங்குங்க" என்றாள் மனைவி, டம்ளரைக் கழுவிக்கொண்டே. "நம்ம பிள்ளைங்களையும் எதிர்வீட்டுக்காரரே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாராம். அவர் மாட்டினா தாடையில வலிக்கவே வலிக்காதாமே?"

பொய் என்று மாஸ்டருக்குத் தெரியும். இப்போதுதானே கையும் களவுமாகப் பிடித்தார்? நேராக உள்ளே போய் ஐந்தரை மணிக்கு அலாரம் வைத்தார். எதிர்வீட்டுக்காரர் முந்திக்கொண்டால் என்ன செய்வது என்று தோன்றியதும், அதை ஐந்தே காலாக மாற்றினார்.