பியூஸ்கட்டை பிடுங்கிய முக்கு

உச்சிப்புளி முதல் தேவிபட்டினம் வரை, பாட்டுப் போடக் கூப்பிட்டால் வந்து, பாட்டை நிறுத்திப் பேர் வாங்கிய ஒரே மைக்செட்காரர் எங்கள் பியூஸ்கட்டைதான். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

'வெட்டுவேன், சாய்ப்பேன், நான் யார் தெரியுமா' என்று அலறும் பாட்டுகளுக்கு அவர் வைத்த பெயர் அருவாப் பாட்டு. அதைக் கேட்டால் பதினேழு வயதுப் பையனின் கை தானாக அருவாளைத் தேடும் என்பது அவர் கட்சி. அதற்கு அளவும் வைத்திருந்தார். எத்தனை பேர் வேட்டியை மடித்துக் கட்டுகிறார்கள் என்று எண்ணுவார். நான்கு வரை பொறுப்பார். ஐந்தாவது வேட்டி மடிந்ததும் பியூஸ்கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கரண்டு போச்சுப்பா" என்பார். தலைக்கு மேல் சீரியல் பல்புகள் பளபளவென்று எரிந்துகொண்டிருக்கும்.

ஒரு காதுகுத்து வீட்டில் தாய்மாமன் வேட்டியை மடித்தார். பாட்டு நின்றது.

"ஏலே, ஏன்டா நிறுத்துன?"

"நீங்க அஞ்சாவதுண்ணே."

"வேட்டியில கறிக்கொழம்பு கொட்டிருச்சுடா, அதான் தூக்கிக் கட்டுனேன்!"

"கொழம்பையும் சேத்துத்தாண்ணே கணக்கு."

நான் கேலி செய்ததுண்டு. "நானுந்தான் அந்தப் பாட்டைக் கேக்குறேன். ஒரு கோழி கூட அறுத்ததில்லையேண்ணே?"

"முட்டிவலிக்காரருக்கு எழுதுன பாட்டா சார் அது?"

மூன்று வருடங்களுக்கு முன், முளைப்பாரி ஊர்வலம். மாலை நான்கு மணி பத்து நிமிடம். பெண்கள் முளைப்பாரியைத் தலையில் சுமந்து ஊருணிக்குப் போகிறார்கள். முன்னால் மேலத்தெருப் பையன்கள் அருவாப் பாட்டுக்கு ஆட, அவர்களுக்கும் முன்னால் இவருடைய வண்டி. கீழத்தெரு முக்கில் பாலச்சுவரின் மேல், இவர்களோடு ஆகாத அந்தத் தெருப் பையன்கள். இவர் எண்ணக்கூட இல்லை. முக்கு வந்ததும் பிடுங்கிவிட்டார்.

சட்டென்று அமைதி. இரைச்சலை நம்பி, பாலச்சுவரில் இருந்த ஒருவன் தன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தது தெரு முழுக்கக் கேட்டது.

"அவன் அப்பன் செத்தன்னைக்கும் இப்படித்தான்டா ஆடுனான்."

ஆடிக்கொண்டிருந்தவன் திரும்பினான். அவன் அப்பா கடலில் இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இளநீர் வண்டி. அதில் அருவாள்.

பெண்கள் முளைப்பாரியை இறக்கிவைப்பதற்குள் முடிந்துவிட்டது. சொன்னவன் ராமநாதபுரம் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வெட்டியவன் கூர்நோக்கு இல்லம் போனான். இருவரும் பதினோராம் வகுப்பு.

பாட்டுதான் காரணம் என்றது ஊர். இவர் ஒருவர்தான் மறுத்தார்.

"பாட்டு ஓடியிருந்தா அந்த வார்த்தை அவன் காதுல விழுந்திருக்காது சார். நாந்தான் கேக்க வச்சேன்."

"அருவாளத் தூக்க வச்சது யாருண்ணே?"

"அது தெரியல சார்," என்றார். எனக்கும் தெரியவில்லை.

செட்டை விற்றுவிட்டார். வெளியூர் டிஜே வருகிறது. வருடந்தோறும் ஊர்வலம் முக்கைத் தாண்டும்வரை, பாலச்சுவருக்கும் பையன்களுக்கும் நடுவில் இவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்பார். சட்டைப்பையில் பழைய பியூஸ்கட்டை புடைத்திருக்கும்.

"பெருசு, கரண்டு போகப்போகுதா?" என்று பையன்கள் சிரிப்பார்கள்.

"போகாதுடா. ஆடுங்க."

இந்த வருடம் அவருக்கு டைபாய்டு. ஊர்வலம் முடிந்ததும் பார்க்கப் போனேன். படுத்தபடியே கேட்டார்.

"முக்குல பாட்டு நிக்கலையே சார்?"

"நிக்கல."

"யாரும் குறுக்க நின்னாங்களா?"

"நின்னாங்கண்ணே," என்றேன். என் தோள்பட்டை இரண்டும் விண்ணென்று வலித்துக்கொண்டிருந்தன.