தின்னர் போட்டுத் துடைத்த சிம்மாசனம்

வீட்டில் ஒரு பொருள் வழக்கத்தைவிடப் பளபளப்பாக இருந்தால் மற்ற குடும்பங்களில் சந்தோஷப்படுவார்கள். எங்கள் குடும்பத்தில் என்னைத் தேடுவார்கள். "நீ தொட்டியா?" என்று கேட்பார்கள். இல்லை என்று நான் அடித்துச் சொன்ன பிறகுதான் அதில் உட்காருவார்கள். இந்தக் கெட்ட பெயர் எனக்குச் சும்மா வரவில்லை. என் அக்கா கலைச்செல்வியின் கல்யாண வரவேற்பில், மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நானே உழைத்துச் சம்பாதித்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்திருந்தேன். (இரண்டு பேப்பர் பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அக்கா இதைப் படித்துவிட்டுப் போன் செய்வாள்.) வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மூலக்குளத்தில் எங்கள் வீடு. மாப்பிள்ளை அருள் மாமாவுக்குக் கருவடிக்குப்பம்.

மாமா சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். அவரை வளர்த்து ஆளாக்கியது அவருடைய பெரியப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்போம். முதுகு வளையாது, சட்டை கசங்காது. மனதுக்கு ரொம்பப் பிடித்தால் மட்டும் 'த்ரே பியேன்' என்று பிரெஞ்சில் பாராட்டுவாராம். எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. நிச்சயதார்த்தத்தில் அம்மா வைத்த பாயசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர், அதற்கும் சொல்லவில்லை.

அவருக்கு இந்தச் சம்பந்தத்தில் முழு மனது கிடையாது. பெண் நல்ல பெண்தான், ஆனால் மரியாதை தெரிந்த குடும்பமா என்பது அவருடைய சந்தேகம். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிறார்களா என்பதுதான் மனிதர்களை அளக்க அவர் வைத்திருந்த ஒரே அளவுகோல். வரவேற்புக்கு மறுநாள் காலை மணவறையில் மாப்பிள்ளையின் தகப்பனார் ஸ்தானத்தில் உட்கார வேண்டியவரும் அவர்தான். வரவேற்பில் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும், அக்கா அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. ஆகவே அம்மா ஒரு வாரமாக எல்லோருக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பெரியப்பா மேடை ஏறியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் சட்டென்று எழுந்து அவர் காலில் விழ வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

கல்யாண வேலைகளில் எனக்கு ஒதுக்கப்பட்டது ஒன்றே ஒன்று. மேடையில் போடும் சோபாவைப் பார்த்துக்கொள்வது. (கெடுக்க முடியாத வேலையாகத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்களாம்.) மதியம் பந்தல்காரர் முருகையன் அண்ணன் சோபாவை இறக்கினார். ராஜா காலத்துச் சிம்மாசனம் போல உயர்ந்த முதுகு, தங்க நிறக் கால்கள், வெள்ளை வெளேரென்று ரெக்சின் உறை. வெள்ளை வெளேர் என்பது அது பிறந்தபோது. நான் பார்த்தபோது அதில் முந்தைய கல்யாணத்தின் குங்குமம், கேக் கிரீம், யாரோ குழந்தை பேனாவால் வரைந்த மீன் எல்லாம் இருந்தன.

அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஷாம்பு பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார். "ஒரு மக்கு தண்ணில இத ஊத்து. துணிய நல்லாப் புழிஞ்சிட்டுத் தொடை. அப்புறம் காஞ்ச துணியால ஒரு தடவ. ஃபேன் காத்துல காயட்டும். வேற ஒண்ணும் போடாத தம்பி, இது தோல் இல்ல, ரெக்சின்," என்று சொல்லிவிட்டுப் பூ கட்டப் போய்விட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. வேதியியல் படித்தவனிடம் போய் ஷாம்பு பாக்கெட்டா? கரிமக் கரைப்பான்கள் என்று ஒரு பாடமே படித்தவன் நான். (பாக்கி வைத்த இரண்டு பேப்பரில் ஒன்று அதுதான்.) கல்யாணத்துக்காக வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மிச்சமான அரை பாட்டில் தின்னர் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்கூட்டரில் பறந்து போய் எடுத்து வந்தேன்.

பஞ்சில் நனைத்து மீனின் மேல் ஒரு இழுப்பு இழுத்தேன். மீன் காணாமல் போனது. குங்குமம் போனது, கிரீம் போனது. சோபா கண்ணாடியாக மின்னியது. கறையோடு சேர்ந்து ரெக்சினின் மேல்தோலும் கரைந்து வந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. உட்காரும் இடத்துக்கு மட்டும் ஸ்பெஷலாக இரண்டாவது முறையும் போட்டேன்.

அரை மணி நேரம் கழித்து விரலை வைத்துப் பார்த்தேன். விரல் லேசாகத் தயங்கியபடி வந்தது. பிசுபிசுப்பு. விஞ்ஞானி பதற்றப்படக் கூடாது. மணமகள் அறையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து சோபா முழுக்கத் தூவித் தடவினேன். பிசுபிசுப்பு மறைந்தது, தின்னர் வாசனையும் அடங்கியது. மேடையை விட்டு இறங்கி, தூர நின்று நானே ரசித்தேன்.

சாயங்காலம் வரவேற்பு தொடங்கியது. மாமா கருநீலக் கோட்டு சூட்டில், அக்கா மாம்பழ நிறப் பட்டில். முதல் ஒரு மணி நேரம் யார் வந்தாலும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. பெரியப்பா கிளம்பிவிட்டார் என்று தகவல் வந்ததும் அம்மா மேடைக்கு வந்தாள். அவர் வரும்வரை இரண்டு பேரும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்சம் இளைப்பாறட்டும் என்றாள். கிடைத்தது சாக்கு என்று புகைப்படக்காரர் இரண்டு பெரிய விளக்குகளைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த நிலையில் இருபது நிமிடம் படம் எடுத்தார். அந்தச் சூட்டிலும் வேர்வையிலும் என் பவுடர் தோற்றுப்போனது.

வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கையில் பூங்கொத்துடன் பெரியப்பா மேடைப்படி ஏறினார். பாட்டுக் கச்சேரிக்காரர்கள்கூட மரியாதைக்கு நிறுத்தினார்கள். அந்த அமைதியில் மாமா எழுந்தார். பாதிதான் எழுந்தார். நாள்பட்ட பிளாஸ்திரியை உரிப்பது போல ஒரு சத்தம் கேட்டது, மறுபடி தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அக்காவும் முயன்றாள். அவள் எழுந்தாள், புடவை எழவில்லை. இன்னும் ஒரு அங்குலம் எழுந்தால் அவள் வேறு, புடவை வேறு என்று ஆகியிருக்கும். அவளும் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்கள்.

பெரியப்பா கடைசிப் படியில் நின்றுவிட்டார். அவர் பார்வை மெதுவாக அம்மாவின் பக்கம் திரும்பியது. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது, மறைக்கப் போவதில்லை. ஆனால் அக்கா கண் நிறையக் கண்ணீரோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடை ஏறினேன்.

"பெரியப்பா, மரியாத தெரியாம இல்ல. ஒட்டிக்கிச்சு," என்றேன்.

"என்னா ஒட்டிக்கிச்சு?"

"சோபா. நான் தின்னர் போட்டுத் தொடச்சேன்."

ராணுவத்தில் இருந்தவர் யார் சொல்லையும் நம்பி முடிவெடுப்பாரா? நேராகப் போனார். சோபாவை ஒரு முறை முறைத்தார். பிறகு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே இருந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். (இரண்டாவது முறை தின்னர் போட்ட இடம்.) மாமாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எழ முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். இரண்டு கைகளையும் ஊன்றி மூன்றாவது முறை எழப் போனபோது அக்கா மெல்லிய குரலில், "கைய ஊனாதீங்க பெரியப்பா, அதுவும் ஒட்டிக்கும்," என்றாள்.

தணலைத் தொட்டவர் போலக் கைகளைத் தூக்கிக்கொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. எங்களுக்குப் பயமாகிவிட்டது. அவர் சிரிக்கிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

அடுத்த முக்கால் மணி நேரம் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பரிசு கொடுக்க வரிசையில் வந்தவர்களிடமெல்லாம், "ஏந்திரிக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க," என்று பெரியப்பாதான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இடையிடையே அக்காவோடு பேச்சு. ராணுவத்தில் தன் முதல் அணிவகுப்பில் பூட்ஸின் அடிப்பாகம் கழன்று விழுந்ததையும், ஒற்றைக் காலை இழுத்து இழுத்து நடந்ததையும் சொன்னார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் கதையை அவர் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை என்று மாமா பிறகு சொன்னார்.

முருகையன் அண்ணன் சமையற்கட்டிலிருந்து தலைமைச் சமையல்காரரையே அழைத்து வந்தார். அவர் கையில் நீளமான தோசைத் திருப்பி. ஓரத்தில் பவுடர் தூவி, திருப்பியைச் செருகி, பதமாக நெம்பி, முதலில் அக்காவை எடுத்தார். புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து மாமா. கோட்டின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு தேசப்படம் இருந்தது. கடைசியில் பெரியப்பா. அவர் பேன்ட்டும் ஒரு துண்டு ரெக்சினைப் பிய்த்துக்கொண்டுதான் வந்தது, நல்லவேளை இரண்டும் வெள்ளை. அவர் நிமிர்ந்து நின்ற அடுத்த நொடி அக்காவும் மாமாவும் காலில் விழுந்தார்கள். அவர் அக்காவின் தலையில் கை வைத்து, மண்டபத்துக்கே கேட்கும்படி, "த்ரே பியேன்," என்றார். அம்மா ஓவென்று அழுதுவிட்டாள்.

மறுநாள் காலை மணவறையில் தகப்பனார் ஸ்தானத்தில் பெரியப்பா உட்கார்ந்தார். உட்காரும் முன் மணைப்பலகையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அந்தப் பழக்கம் இன்றுவரை அவரை விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அதே விரல், அதே சோதனை. எங்கள் வீட்டில் இப்போது பழுப்பு நிற ரெக்சின் சோபா இருக்கிறது. என் மனைவி அதை ஷாம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறாள். நான் அதில் உட்காரலாம், துடைக்கக் கூடாது.

என் கல்யாண வரவேற்புக்கு முருகையன் அண்ணன் இரண்டு மர நாற்காலிகள்தான் அனுப்பினார். அதிலும் நான் உட்காரவில்லை, வரவேற்பு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன். பெரியப்பா மேடை ஏறி, பளபளப்பான தாள் சுற்றிய நீளமான பெட்டி ஒன்றைக் கொடுத்தார். எல்லோர் முன்னாலும் பிரிக்கச் சொன்னார். உள்ளே தோசைத் திருப்பி. இன்றைக்கும் எங்கள் வீட்டுத் தோசைகளை அதுதான் திருப்புகிறது. அதைக் கழுவும் வேலையை மட்டும் இதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.