ட்ரெவர் போகக் கூடாது

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பிலிருந்து விலகிவிட வேண்டும். ட்ரெவருக்கு அதில் சந்தேகமே இல்லை. இடைத்தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று. அந்தப் பேராசிரியர் மார்க்கைப் பார்க்க மாட்டார், ரேங்க் வரிசையைத்தான் பார்ப்பார். கடைசி இரண்டு பேர் ஃபெயில். ஃபெயிலானால் உதவித்தொகை அம்பேல், விலகினால் பிழைக்கலாம்.

திங்களன்று இதைப் பக்கத்து இருக்கை மாரிபெலிடம் உளறியதுதான் தப்பு.

"லூசா நீ? ஒரு பரீட்சைக்கே ஓடுறியா? இந்தா, என் நோட்ஸ் எல்லாத்தையும் வச்சுக்க!"

செப்டம்பரிலிருந்து ஒரு ஹலோ கூடச் சொல்லாதவள். ட்ரெவர் நெகிழ்ந்து போனான்.

புதனன்று விலகல் ஃபாரம் வாங்கக் கிளம்பினான். கனடாவின் வின்னிபெக் குளிரில் மூக்கு விறைத்து நடந்தவன் பக்கத்தில் வகுப்புத் தோழன் லீவையின் கார் வந்து நின்றது.

"ஏறுடா மச்சான், ஆபீஸ்ல இறக்கி விடுறேன்."

இறக்கி விட்ட இடம் நூலகம். பாதி வகுப்பு அங்கே இவனுக்குப் பாடம் நடத்தக் காத்திருந்தது. மூன்று மணி நேரம் நடத்தினார்கள். முன்பு புரிந்த கொஞ்சமும் குழம்பிவிட்டது.

வியாழனன்று, காய்ச்சல் என்று புளுகினான். அரை மணியில் சூப் வந்தது. கூடவே வகுப்பில் மற்ற இருபது பேரும் கையெழுத்திட்ட அட்டை: 'நீ இல்லாமல் எங்களால் முடியாது, ட்ரெவர்!'

வெள்ளி, மூன்று ஐம்பது. கட்டடங்களை இணைக்கும் சுரங்கப் பாதை வழியே ஓடி, ஆபீஸ் கவுண்டரில் ஃபாரத்தை நிரப்பி முடித்தான். பின்னாலேயே தடதடவென்று மொத்த வகுப்பும் வந்து சேர்ந்தது.

"போகாதடா!" லீவைக்கு மூச்சிரைத்தது.

"ப்ளீஸ் ட்ரெவர்!" மாரிபெலின் கண்ணில் நிஜக் கண்ணீர்.

ஹாஸ்டல் அறையில் தனியாகப் பீட்சா தின்றே மூன்று செமஸ்டரை ஓட்டியவன் அவன். ஃபாரத்தை நாலாகக் கிழித்துப் போட்டான். ஒரே ஆரவாரம். ஆளுக்கொரு தட்டு முதுகில் தட்டிவிட்டு எல்லோரும் கலைந்தார்கள்.

கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"போன வருஷ வகுப்பும் இப்படித்தான் ஒரு பையனைக் கொண்டாடுச்சு."

"ரொம்ப நல்லவங்க மேடம்," என்றான் ட்ரெவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நல்லவங்கதான். நீ போயிட்டா, ஃபெயிலாக அவங்கள்ல இன்னொருத்தர் வேணுமே? இன்னொரு ஃபாரம் தரட்டுமா தம்பி, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."