வலமாக மாட்டிய தாடைகள்

எனக்குத் தெரியாத வேலையைத் 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. (என் மனைவி இதைத் திமிர் என்கிறாள். வியாதி என்பதே சரி.) அந்த வியாதி முற்றியது நான் பெண் கேட்கப் போன ஞாயிற்றுக்கிழமை.

அப்போது நான் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். கவிதாவும் நானும் இரண்டு வருடமாகப் பழகி வந்தோம். அவள் அப்பா மட்டும் "பையனைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். எனவே என் அம்மாவையும் பழத்தட்டையும் காரில் ஏற்றிக்கொண்டு பத்தாங் காலியில் அவர்கள் வீட்டில் போய் இறங்கினேன்.

மனிதர் வீட்டுக்குள் இல்லை. பின்பக்கம், மரம் கடையும் லேத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு முறைத்துக்கொண்டு நின்றார். கட்டையைக் கவ்விப் பிடித்துச் சுழலும் சக்கில் மரத்தூள் அடைத்து, திருகவே வரவில்லையாம்.

"கவிதாவுக்கு ஒரு குங்குமச் சிமிழ் கடையலாம்னு பாத்தேன். இது சதி பண்ணுது," என்றார்.

"குடுங்க அங்கிள், பத்து நிமிஷம்லா! மில்லுல தினமும் இதான் வேலை." (பொய். அப்படி ஒரு சக்கை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன்.)

"தம்பி, அதுல நம்பர் பாத்து..."

"தெரியும் அங்கிள். நீங்க போய் தேத்தண்ணி குடிங்க."

அவர் சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால் என் காது தேய்ந்தா போயிருக்கும்?

சக்கில் கட்டையைக் கவ்வும் நான்கு தாடைகளையும் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தூளைச் சுரண்டி எடுத்தேன். அதுவரை சரி. பிறகு ஆலைப் புத்தி எட்டிப் பார்த்தது. எங்கள் ஆலையில் இயந்திரம் கத்தினாலும் கிரீஸ், கத்தாவிட்டாலும் கிரீஸ். மரம் கடையும் சக்கில் கிரீஸ் போட்டால் தூள் ஒட்டிச் சேறாகிவிடும், ஈரமில்லாத மசகை லேசாக அடித்தால் போதும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று என் காரிலிருந்து ஒரு டப்பா கிரீஸை எடுத்து வந்து, வடை மாவு போல அள்ளி அப்பினேன்.

தாடைகளில் ஒன்று முதல் நான்கு வரை எண்கள் இருந்தன. அவை போய் உட்கார வேண்டிய பள்ளங்களிலும் எண்கள் உண்டு. அவற்றை என் கிரீஸே மூடியிருந்தது. துடைத்துப் பார்த்தேனா? இல்லை. நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறோம், கோயிலைச் சுற்றுவது போல வலமாகவே போவோம் என்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என வரிசையாக மாட்டினேன். அந்தச் சக்கில் எண்கள் இடமாக ஓடின; பள்ளம் மாறினால் தாடைகள் நடுவில் வந்து சேராது.

முடித்ததும் எல்லோரையும் கூப்பிட்டேன். (யாரும் கேட்கவில்லை, நானே கூப்பிட்டேன். இதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.) சிமிழுக்கு வைத்திருந்த கட்டையை மாட்டி முறுக்கினேன். அது கோணலாக நின்றது.

"சுத்தினா சரியாயிடும் அங்கிள்," என்று சுவிட்சைத் தட்டினேன்.

கட்டை ஒரே உதறலில் பறந்து, அம்மா இன்னும் கையிலேயே வைத்திருந்த பழத்தட்டில் விழுந்தது. கிரீஸ் ஒரே கோடாகக் கிளம்பி, என் நெற்றியில் தொடங்கி, அவருடைய வெள்ளைச் சட்டையைக் கடந்து, அம்மாவின் பட்டுப்புடவையில் முடிந்தது.

அவர் சுவிட்சை அணைத்தார். தாடைகளில் எண்கள் வலமாக ஓடுவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போச்சு, பொண்ணு போச்சு," என்றார் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அங்கிள்... எனக்கு இந்த வேலை தெரியாது," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"இத முன்னாலயே சொல்லியிருந்தா சட்டையாச்சும் தப்பிச்சிருக்கும்," என்றவர், வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "கவிதா! மாப்ள மூஞ்சத் துடைக்கத் துணி கொண்டா!"

மூன்று மாதத்தில் கல்யாணம். அக்கினியைச் சுற்ற எழுந்தோம். அப்போதுதான் என் மாமனார் குரல் கொடுத்தார்.

"மாப்ள, இதுக்குத்தான் வலமா போகணும்!"

ஐயருக்கே மந்திரம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கோயிலில் பிரகாரம் சுற்றினாலும், பின்னாலிருந்து கவிதா மெல்லக் கேட்பாள்: "கிரீஸ் எடுத்துட்டு வந்தீங்களா?"